உயிருள்ள இழையத்தை இருபோட்டன் நுணுக்குக்காட்டியில் படமெடுத்தல்: வன்னி மாணவருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம் கற்பவர்களையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்களையும் மனதில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. உயர்தர வகுப்பில் வெங்காயத் தோலை வழுக்கியில் பரப்பி, மூடித்துண்டு வைத்துப் பார்த்த அனுபவம் இருந்தால் தொடங்குவதற்கு அது போதும். இருபோட்டன் நுணுக்குக்காட்டியின் விலையில் ஒரு பெரிய பங்கு அதன் லேசருக்கே போய்விடுவதால், ஒவ்வொரு துறையும் ஒன்றை வாங்கி வைத்திருக்க முடிவதில்லை. நம்மவரில் பெரும்பாலானோருக்கு வேறோர் ஊரிலோ வேறொரு நாட்டிலோ உள்ள ஆய்வுகூடத்தில், முன்பதிவு செய்த சில மணி நேரமே கிடைக்கும். அந்த நேரத்தை வீணாக்காமலும், கொண்டுபோன இலையைப் பொசுக்கிவிடாமலும் பயனுள்ள படங்களோடு திரும்புவது எப்படி என்பதே இங்கு பேசப்படும் பொருள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படம் மங்கலாக இருந்தால் புதியவரின் கை முதலில் போகும் இடம் லேசரின் வலுவைக் கூட்டும் குமிழ். உயிருள்ள இழையத்தில் அது கடைசியாகத் தொட வேண்டிய குமிழ். பின்வரும் படிகளின் ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு கருத்திலேயே தங்கியிருக்கிறது.

ஏன் இரண்டு போட்டன்?

சாதாரணப் புளோரொளிர்வில், ஒரு மூலக்கூறு ஒரு போட்டனை உறிஞ்சி அருட்டப்பட்டு, பின்னர் சற்று நீண்ட அலைநீளமுள்ள ஒளியை வெளிவிடுகிறது. அதே மூலக்கூறு, ஏறத்தாழ அரைவாசிச் சக்தியுள்ள இரண்டு போட்டன்களை ஒரே கணத்தில் உறிஞ்சியும் அருட்டப்படலாம் என்பதை மரியா கோப்பர்ட் மேயர் 1931இல் வெளியான தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் கணித்துக் காட்டினார். லேசர் வந்த பின்னரே, 1961இல், அது பரிசோதனையில் காணப்பட்டது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வின்ஃபிரிட் டெங்க், ஜேம்ஸ் ஸ்ட்ரிக்லர், வாட் வெப் ஆகியோர் 1990இல் அதை நுணுக்குக்காட்டியாக்கினர். வரலாற்றில் இவ்வளவு தெரிந்தால் போதும். இதன் விளைவுதான் நமக்கு முக்கியம்.

இரண்டு போட்டன்கள் ஒரே கணத்தில் ஒரே மூலக்கூறை அடைய வேண்டியிருப்பதால், கிடைக்கும் புளோரொளிர்வு ஒளிச்செறிவின் வர்க்கத்துக்கு விகிதசமமாகிறது. ஒளி மிக நெருக்கமாகக் கூடும் குவியத்தில் மட்டுமே அந்த வர்க்கம் கணக்கிடத்தக்க அளவுக்கு உயர்கிறது. அதற்கு மேலும் கீழும் லேசர் சென்றாலும் அங்கே ஏறக்குறைய எதுவும் ஒளிர்வதில்லை. கொன்போக்கல் நுணுக்குக்காட்டியில் குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை ஊசித்துளையால் தடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே அப்படிப்பட்ட ஒளி பிறப்பதே இல்லை. எனவே ஊசித்துளை தேவையில்லை. திரும்பும் வழியில் இழையத்தில் சிதறிய போட்டனும் குவியத்திலிருந்து வந்ததே என்பது உறுதி; அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். பயன்படும் அண்மைச் செந்நிறக்கீழ் ஒளி குறைவாகச் சிதறுவதால், எலியின் மூளையில் அரை மில்லிமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் தெளிவான படம் கிடைக்கிறது. இலையில் அந்த ஆழத்தை எதிர்பார்க்க வேண்டாம். காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

லேசரைப் பற்றி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழமையான டைட்டேனியம் சபையர் லேசர் செக்கனுக்கு சுமார் 80 மில்லியன் துடிப்புகளை வெளியிடுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 100 பெம்டோசெக்கன் நீளமுடையது (ஒரு பெம்டோசெக்கன் ஒரு நானோசெக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையே 12.5 நானோசெக்கன் இருக்கிறது. அதாவது லேசர் உண்மையில் ஒளிரும் நேரம் மொத்த நேரத்தில் 1,25,000இல் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே மாதிரியில் சராசரியாக 10 மில்லிவாற்று விழும்போது, துடிப்பின் உச்சத்தில் அது 1,250 வாற்று ஆகிறது. இலை சூடாகிப் போகாமல் காப்பது அந்தச் சிறிய சராசரி. இரண்டு போட்டன்கள் சந்திக்க வழிசெய்வது அந்தப் பெரிய உச்சம்.

படி ஒன்று: கேள்வியையும் மாதிரியையும் ஊரிலேயே தீர்மானித்தல்

“நெல்லிலையைப் பார்க்க வேண்டும்” என்பது கேள்வியாகாது. “நீர்ப்பற்றாக்குறைக்கு ஆளான நாற்றில் இலைவாய்க்கு அடியிலுள்ள கலங்களின் பச்சையவுருமணிகள் இடம் மாறுகின்றனவா” என்பது கேள்வி. ஏனெனில் எந்த ஆழம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு படம், எவ்வளவு பரப்பு என்பவற்றை அது தானாகவே தீர்மானித்துவிடுகிறது.

முதல் முயற்சிக்கு நான்கு மாதிரிகளைப் பரிந்துரைப்பேன். வீட்டு முற்றத்துச் செவ்வரத்தம் பூவின் மகரந்த மணி அவற்றில் முதலாவது. 100 மைக்ரோமீற்றரைத் தாண்டும் முட்கள் நிறைந்த இந்தக் கோளம், சாயம் எதுவுமில்லாமலே ஒளிரும், எளிதில் மங்காது, முள்ளின் நுனியிலிருந்து கோளத்தின் நடுவரை தளம் தளமாக இறங்கிப் பழகுவதற்கு இதைவிட மலிவான பொருள் கிடையாது. இரண்டாவது, இறைச்சிக்கடையில் வாங்கிய கோழிக்காலின் தசைநாண். அதற்கு உயிரில்லை, ஆனால் அதிலுள்ள கொலாஜன் இரண்டாம் இசைச்சுரம் எனப்படும் ஒளியை (இதன் விளக்கம் படி ஏழில்) வலுவாகத் தருவதால், கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க உதவும். மூன்றாவது, குளத்தில் கிடைக்கும் ஐதரில்லாவின் இலை. பெரும்பகுதி இரண்டு கலத் தடிப்பே உடைய அந்த இலையில், பச்சையவுருமணிகள் கலச்சுவரோரமாகச் சுற்றி ஓடுவதைச் சாதாரணப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியிலேயே காணலாம். அந்த ஓட்டமே கலம் நலமாயிருப்பதற்கு நம்மிடமுள்ள எளிய சாட்சி.

நான்காவது நெல். இதற்குக் காலம் பார்க்க வேண்டும். இலைக்கு நாற்றுப் போதும். அதை எப்போதும் சட்டியில் வளர்த்துக்கொள்ளலாம். பால்பிடித்த நெல்மணியில் மாப்பொருள் மணிகள் உருவாவதைப் பார்க்க விரும்பினால், இரணைமடுவுக்குக் கீழுள்ள வயல்களில் காலபோகப் பயிர் கதிர் வாங்கிப் பால்பிடிக்கும் மார்கழி, தை நாட்களையொட்டி நுணுக்குக்காட்டி முன்பதிவு இருக்க வேண்டும். முன்பதிவு பங்குனியில் கிடைத்தால் வயலில் அறுவடை முடிந்திருக்கும்; சிறுபோகம்வரை காத்திருக்க நேரிடும்.

விலங்குகளின் உயிருள்ள இழையத்தில் வேலை செய்ய எண்ணுபவர்கள், கருவிக்கு விண்ணப்பிக்கும் முன்பே தமது நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும். தாவரத்திலிருந்து தொடங்குவது நல்லதென்பேன்; ஒரு காரணம் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது, மற்றது தாவரக் கலம் தான் காயப்பட்டதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டிவிடும் என்பது.

படி இரண்டு: மாதிரியை உயிரோடு கொண்டுபோதல்

ஏ9 வீதியில் பகல் வெயிலில் பேருந்துப் பயணம் செய்த இலை, ஆய்வுகூடத்தை அடையும்போது நீங்கள் ஆராய நினைத்த இலையாக இருக்காது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் மோசம். வெட்டிய இலையைக் கொண்டுபோவதைவிட நாற்றை வேரோடும் மண்ணோடும் சிறிய சட்டியில் கொண்டுபோங்கள். றெஜிபோம் பெட்டிக்குள் ஈரத் துணி சுற்றிய தண்ணீர்ப் போத்தல்களை வைத்தால் போதும், பனிக்கட்டியை வைக்காதீர்கள். நெல் வெப்ப நாட்டுப் பயிர். குளிர்ந்த இலையில் நீங்கள் காணும் மாற்றம் வறட்சியால் வந்ததா குளிரால் வந்ததா என்று பிறகு பிரித்தறிய முடியாது. ஐதரில்லாவை அது வளர்ந்த குளத்து நீரிலேயே, போத்தலில் கொஞ்சம் காற்று இடைவெளி விட்டு எடுத்துச் செல்லுங்கள். குழாய் நீரின் குளோரீனை அது விரும்பாது.

லேசர் அறைகள் பெரும்பாலும் 20 முதல் 22 பாகை செல்சியஸ் அளவில் குளிரூட்டப்பட்டிருக்கும். 32 பாகையில் நின்ற நாற்றை உள்ளே கொண்டுபோன உடனே படமெடுக்கத் தொடங்கினால், இலையும் அதைப் பொருத்திய கிண்ணமும் குளிர்ந்து சுருங்கும்வரை குவியம் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டேயிருக்கும். அரை மணி நேரமாவது அறையில் வைத்திருங்கள். அந்த நேரத்தில் லேசரும் சூடேறி நிலைப்பட்டுவிடும்.

படி மூன்று: பொருத்துதல்

அனுபவமில்லாதவரின் நேரத்தில் பாதியை விழுங்குவது இந்தப் படிதான். இருபோட்டன் வேலைக்குப் பெரும்பாலும் நீரில் தோய்க்கும் பொருள்வில்லையே பயன்படுகிறது. 20 மடங்கு, எண் துவாரம் (வில்லை ஒளியைத் திரட்டும் கோணத்தின் அளவு) 1.0, வில்லைக்கும் மாதிரிக்கும் இடையே 2 மில்லிமீற்றர் அளவு வேலைத்தூரம் உடையது வழமையானது. இலையைப் பெத்திரிக் கிண்ணத்தின் அடியில் அசையாமல் பொருத்தி, நீரூற்றி, வில்லையை அந்த நீருக்குள் இறக்க வேண்டும். இலையின் ஓரங்களை மட்டும் மெல்லிய அகர் பட்டியாலோ வாசலினாலோ பிடித்து வையுங்கள். படமெடுக்கும் பகுதியை எதுவும் அழுத்தக்கூடாது.

நெல்லிலையில் இது அவ்வளவு இலேசாக முடியாது. அதன் மேற்பரப்பில் மெழுகும் நுண்ணிய புடைப்புகளும் இருப்பதால் நீர் ஒட்டாது. காலையில் வயலில் இலைமேல் பனித்துளி உருண்டு நிற்பதற்கு அதுவே காரணம். அப்படிப்பட்ட இலையை நீருக்குள் அமிழ்த்தினால், அதன்மேல் மெல்லிய காற்றுப்படலம் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைச் சற்றுச் சரித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: இலை பச்சையாகத் தெரியாமல் வெள்ளித் தகடுபோல மின்னினால், காற்று இருக்கிறது. அந்த நிலையில் என்ன வலு கொடுத்தாலும் நல்ல படம் வராது. மிகச் சிறிதளவு மென்மையான ஈரமாக்கி கலந்த நீரால் இலையை ஒருமுறை நனைத்துவிட்டுப் பின் சுத்தமான நீருக்கு மாற்றலாம். இன்னும் நல்ல வழி, பெர்ஃபுளோரோடெக்கலின் என்ற திரவம். அது இலைவாய்களினூடாக உள்ளே ஊடுருவி, இலையின் நடுவிலுள்ள காற்றறைகளையும் நிரப்புகிறது. இலையில் ஆழமாகப் பார்க்க முடியாமற் போவதற்கு அந்தக் காற்றறைகளே முதற்காரணம். நீருக்கும் காற்றுக்கும் முறிவுச்சுட்டி வேறுபடுவதால், ஒவ்வொரு கலத்தின் விளிம்பிலும் ஒளி திசைமாறிச் சிதறுகிறது. இத்திரவம் வாயுக்களை நன்கு கரைக்கக்கூடியதென்பதால் இலை மூச்சுத் திணறுவதில்லை, பாதுகாப்பானதுங்கூட.

படி நான்கு: கருவிக்கு முன் அமர்தல்

இந்த லேசர் நான்காம் வகுப்பைச் சேர்ந்தது. 700 முதல் 1,400 நானோமீற்றர்வரையான ஒளியைக் கண்வில்லை விழித்திரையில் குவித்துவிடும். ஆனால் கண் அதை உணராது. இன்னும் ஆபத்தான நிலை 700 நானோமீற்றரை அண்மித்த அலைநீளங்களில் இருக்கிறது. அங்கே கற்றை மங்கலான சிவப்பாகத் தெரிவதால், வலுக்குறைந்ததென எண்ணத் தோன்றும். மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி வையுங்கள். மேடையைச் சுற்றியுள்ள மறைப்பைத் திறக்கும்போதெல்லாம் லேசர்க் கற்றையைத் தடுக்கும் ஷட்டர் மூடியிருப்பதை உறுதிசெய்யுங்கள். லேசர் திறந்திருக்கையில் பார்வைத்துண்டில் கண் வைக்காதீர்கள். அங்குள்ள பொறுப்பாளர் தரும் பாதுகாப்புக் கண்ணாடி நீங்கள் பயன்படுத்தும் அலைநீளத்துக்கு உரியதா என்று அதன் விளிம்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வியல்ல.

முதலில் சாதாரண ஒளியில், பார்வைத்துண்டினூடாக, இலையின் மேற்பரப்பைக் கண்டுபிடித்துக் குவியுங்கள். பிறகு அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஷட்டரைத் திறக்காமலே ஒரு படம் எடுங்கள். இருபோட்டன் கருவியில் ஒளியுணரிகள் பொருள்வில்லைக்கு மிக அருகில், சிதறிய போட்டன்களையும் வாரிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருப்பதால், கணினித் திரையின் வெளிச்சமும் கைபேசியின் ஒளியுங்கூட அவற்றுக்குள் புகும். அந்த வெறும் படம் கறுப்பாக இல்லையென்றால், எங்கிருந்தோ ஒளி கசிகிறது. கறுப்புத் துணியால் மறைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள்.

லேசரைத் திறக்கும்போது மாதிரியில் விழும் வலு 2 அல்லது 3 மில்லிவாற்றில் இருக்கட்டும். மென்பொருள் காட்டும் சதவீதத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். அது அலைநீளத்துக்கு அலைநீளம் வேறுபடும். பொருள்வில்லைக்குக் கீழே வலுமானியை வைத்து அளந்த அட்டவணை ஆய்வுகூடத்தில் இருக்கும். இல்லையென்றால் அளந்து தரும்படி கேளுங்கள்.

படி ஐந்து: குமிழ்களின் ஒழுங்கு

படம் மங்கலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு உடைந்து வாய்க்காலில் நீர் வீணாகிக்கொண்டிருக்கையில் எந்த விவசாயியும் குளத்துத் துருசை மேலும் திறக்கச் சொல்லமாட்டார். முதலில் உடைப்பைத்தான் தேடுவார். இங்கும் அப்படியே, ஒளி எங்கே வீணாகிறது என்று பின்வரும் ஒழுங்கில் தேட வேண்டும்.

வில்லைக்கும் இலைக்கும் இடையே குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வில்லையை உயர்த்தித் துடைத்து மறுபடியும் இறக்குங்கள். மூடித்துண்டு வைத்திருந்தால், அதன் தடிப்பை ஈடுசெய்யும் பொருள்வில்லையின் திருத்த வளையத்தை மெல்லச் சுழற்றி, ஒரே புள்ளி மிகப் பிரகாசமாகும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தை ஒருமுறை சரிசெய்வதால் கிடைக்கும் ஒளி, வலுவைக் கூட்டிக் கிடைப்பதைவிடப் பல வேளைகளில் அதிகம்.

அடுத்து, ஒளியுணரியின் முன்னுள்ள வடிகட்டி நீங்கள் தேடும் ஒளியை விடுகிறதா, அதன் மின்னழுத்தம் போதுமானதா என்று பாருங்கள். பச்சையத்தின் புளோரொளிர்வு 680 நானோமீற்றரை ஒட்டி இருக்கிறது. சில கருவிகளில் லேசரைத் தடுக்கும் வடிகட்டி அந்தப் பகுதியையும் சேர்த்தே வெட்டிவிடும். கருவியில் குற்றம் தேடுமுன் வடிகட்டியின் வளைவரையைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிறகு அலைநீளம். ஒருபோட்டன் அலைநீளத்தை இரண்டால் பெருக்கினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். 488 நானோமீற்றரில் அருட்டப்பட்டுப் பச்சையாக ஒளிரும் ஜி.எப்.பி. புரதத்துக்கு அப்படிப் பெருக்கினால் 976 வரும்; நடைமுறையில் 900 முதல் 930வரையே அது நன்றாக ஒளிர்கிறது. என்.ஏ.டி.எச். போன்ற கலத்தின் சொந்த மூலக்கூறுகளைப் பார்க்க 740 அளவு தேவைப்படும். பச்சை இலையில் மட்டும் 700ஐ நெருங்க வேண்டாம். பச்சையத்தின் நேரடி உறிஞ்சலின் வால் அந்தப் பகுதிவரை நீள்வதால், இரண்டு போட்டன்கள் சந்திக்காமலே இலை சூடேறும். 900க்கு அப்பால் சென்றால் இலை நெடுநேரம் தாங்கும்.

துடிப்பின் நீளமும் ஒரு கசிவு. வில்லைகளின் கண்ணாடியினூடாகச் செல்லும்போது, துடிப்பிலுள்ள வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் சென்று, 100 பெம்டோசெக்கன் துடிப்பை நீட்டிவிடுகின்றன. அது 200 ஆகிவிட்டால், சராசரி வலு மாறாமலே உங்கள் புளோரொளிர்வு அரைவாசியாகிவிடும். பல லேசர்களில் இதை முன்கூட்டியே ஈடுசெய்யும் பகுதி உண்டு. மகரந்த மணியை வைத்து, மிகப் பிரகாசமான படம் கிடைக்கும்வரை அந்தப் பகுதியை நகர்த்தினால் போதும்.

இவ்வளவும் செய்த பின்னர் சட்டங்களை, அதாவது ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களை, சராசரியாக்குங்கள். இதில் கணக்கைக் கவனிக்க வேண்டும். வலுவை இருமடங்காக்கினால் புளோரொளிர்வு நான்கு மடங்காகும். பழைய வலுவிலேயே நான்கு சட்டங்களை எடுத்துக் கூட்டினாலும் அதே எண்ணிக்கையான போட்டன்களே கிடைக்கும். ஆனால் ஒளியால் விளையும் சேதம், பல அளவீடுகளின்படி, வலுவின் 2க்கும் 3க்கும் இடைப்பட்ட அடுக்கில் ஏறுகிறது. அடுக்கு 2.5 என்று கொண்டால், வலுவை இரட்டிப்பதால் வரும் சேதம் ஆறு மடங்கை நெருங்கும்; நான்கு சட்டங்களால் வருவது நான்கு மடங்கு. ஆகவே அசையாத பொருளில் சராசரி எடுப்பதே இலாபம். ஓடிக்கொண்டிருக்கும் பச்சையவுருமணியில் சராசரி படத்தைக் கலக்கிவிடும். அங்கே மட்டும், அதுவும் குறுகிய நேரத்துக்கு, வலுவைக் கூட்டுவதற்கு நியாயம் உண்டு.

கூட்டுவதென்றால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இலையில் 10 மில்லிவாற்றைத் தாண்டும் போதே கண் படத்தின்மேல் இருக்க வேண்டும். நிறப்பொருள் செறிந்த ஒரு புள்ளி திடீரெனப் பளிச்சிட்டு, அடுத்த சட்டத்தில் வட்டமாக விரிந்து, அதன்பின் நடுவில் கறுப்புக் குழியும் சுற்றிலும் ஒளிரும் வளையமுமாக நின்றுவிட்டால், அந்தக் கலம் எரிந்துவிட்டது. அந்த வளையத்தைப் புதிய கட்டமைப்பென்று எண்ணி அளக்கத் தொடங்க வேண்டாம்.

படி ஆறு: அளவுகள்

எண் துவாரம் 1.0, அலைநீளம் 920 எனில், பிரித்தறியும் தூரம் பக்கவாட்டில் சுமார் 0.4 மைக்ரோமீற்றர், ஆழத்திசையில் சுமார் 1.5 மைக்ரோமீற்றர். படப்புள்ளியின் அளவு அதன் பாதியாக, அதாவது 0.2 ஆக இருந்தால் போதும். 512 புள்ளிகள் கொண்ட சதுரம் அப்போது ஏறத்தாழ 100 மைக்ரோமீற்றர் பரப்பைத் தரும். உருப்பெருக்கத்தை அதற்குமேல் கூட்டினால் புதிய விவரம் எதுவும் வராது. அதே ஒளி சிறிய இடத்தில் குவிந்து கலத்தைச் சுடும். ஆழத்திசையில் விதிப்படி 0.7 அளவில் இறங்க வேண்டும். உயிருள்ள இலையில் 1 மைக்ரோமீற்றராக இறங்குவதையே விரும்புகிறேன்; ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும், இழப்பு மிகச் சிறியது.

புள்ளியொன்றில் லேசர் 2 மைக்ரோசெக்கன் தங்கினால், ஒரு சட்டத்துக்கு அரைச் செக்கனுக்குச் சற்று அதிகமாகும். 60 மைக்ரோமீற்றர் ஆழத்துக்கு 61 சட்டங்கள். இரண்டு ஒளியுணரிகளில் பதிந்தால், இந்தச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்த ஓர் அடுக்கு ஏறத்தாழ 64 மெகாபைட் வரும். ஐந்து நிமிடத்துக்கொன்றாக இரண்டு மணி நேரம் எடுத்தால் 1.6 கிகாபைட். பென்டிரைவை வெறுமையாக்கிக்கொண்டு போங்கள்.

ஆழம் செல்லச் செல்லச் சமிக்ஞை மங்கும். அதற்காக மேற்பரப்பிலிருந்தே வலுவை உயர்த்தி வைக்காமல், ஆழத்துக்கேற்ப வலு தானாகக் கூடும்படி மென்பொருளில் அமைக்கலாம். நெல்லிலையில் நூறு மைக்ரோமீற்றர் கிடைத்தால் மனநிறைவு கொள்ளலாம். 1,300 நானோமீற்றரில் மூன்று போட்டன்களால் இன்னும் ஆழம் செல்லும் கருவிகளும் உண்டு. அவற்றின் லேசர் வேறு, வெப்பக் கணக்கும் வேறு. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

படி ஏழு: பார்த்தது உண்மையா?

மூன்று சோதனைகளைச் செய்யாமல் எந்தப் படத்தையும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள்.

முதலாவது, வலுவை அரைவாசியாக்குங்கள். இருபோட்டன் புளோரொளிர்வென்றால் சமிக்ஞை கால்வாசியாக வேண்டும். அரைவாசியாக மட்டும் குறைந்தால், நீங்கள் பார்ப்பது வேறேதோ நேரடி ஒளி. அல்லது உங்கள் ஒளியுணரியோ நிறப்பொருளோ நிரம்பல் நிலையை எட்டிவிட்டது.

இரண்டாவது, நீல ஒளியின் மூலத்தைப் பிரித்தறிவது. பால்பிடித்த நெல்மணியைக் குறுக்கே வெட்டி 900 நானோமீற்றரில் பார்த்தால், மாப்பொருள் மணிகள் சரியாக 450இல் பிரகாசிக்கும். இது உறிஞ்சி வெளிவிடும் ஒளியல்ல; ஒழுங்காக அடுக்கப்பட்ட மூலக்கூறுகள் இரண்டு போட்டன்களை ஒன்றாகச் சேர்த்து இருமடங்கு மீடிறனில் அனுப்பும் இரண்டாம் இசைச்சுரம். புல்லினத் தாவரங்களின் கலச்சுவரும் பெரூலிக் அமிலத்தின் காரணமாக நீலத்தில் ஒளிரக்கூடியதென்பதால் இரண்டும் குழம்பும். 450ஐச் சுற்றிய ஒடுங்கிய வடிகட்டியை மாற்றாமல் லேசரை மட்டும் 860க்கு நகர்த்துங்கள். இசைச்சுரம் 430க்குப் போய்விடுவதால் மாப்பொருள் மணிகள் அணைந்துவிடும்; கலச்சுவரின் புளோரொளிர்வு தன்னிடத்திலேயே நிற்கும். இசைச்சுரத்தின் பெரும்பகுதி லேசர் சென்ற திசையிலேயே முன்னோக்கிப் போவதால், மாதிரிக்குக் கீழேயும் ஓர் ஒளியுணரி உள்ள கருவியைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவதே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது: கலம் பிழைத்திருக்கிறதா? ஐதரில்லாவில், படமெடுப்பதற்கு முன்னும் பின்னும் சாதாரண ஒளியில் அதே கலத்தைப் பாருங்கள். முன்பு சுற்றிக்கொண்டிருந்த பச்சையவுருமணிகள் நின்று, ஒரு மூலையில் குவிந்து கிடந்தால், உங்கள் அளவீடு இறந்துகொண்டிருந்த கலத்தின் அளவீடு. நெல்லில் ஓட்டத்தைக் காண்பது கடினம். அங்கே புரோபிடியம் அயடைட்டு உதவும். உயிருள்ள கலத்தில் அந்தச் சாயம் சுவரோடு நின்றுவிடும்; மென்சவ்வு உடைந்த கலத்தில் உள்ளே புகுந்து கருவைச் சிவப்பாக்கும். லேசர் பட்ட சதுரத்துக்குள் மட்டும் கருக்கள் சிவந்து, சுற்றியுள்ள கலங்கள் தெளிவாக இருந்தால் குற்றவாளி யாரென்று சொல்லத் தேவையில்லை. அதே கிண்ணத்தில், லேசர் படாத இன்னோர் இலைத்துண்டையும் அதே நேரம் வைத்திருந்து கடைசியில் ஒருமுறை மட்டும் படமெடுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத காலத்தொடர்ப் படங்களுக்குப் பெறுமதி மிகக் குறைவு என்பது என் கருத்து.

படி எட்டு: கோப்புகள்

கருவி எழுதிய மூலக்கோப்பை அதே வடிவத்தில் வைத்திருங்கள். அதிலேயே அலைநீளம், புள்ளியின் அளவு, தளங்களின் இடைவெளி எல்லாம் பதிந்திருக்கும். மென்பொருள் திரையைப் படம்பிடித்துக்கொண்டு வந்தால் அவை எல்லாம் போய்விடும். மாதிரியில் அளந்த வலு, இலையின் வயது, பறித்த நேரம், அறை வெப்பநிலை ஆகியவற்றைக் கருவி அறியாது. அவற்றைக் கையால் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

ஆய்வுக்கு ஃபிஜி என்ற இலவச மென்பொருள் போதும். சாதாரண மடிக்கணினியில் ஓடும். பயணத்துக்கு முன்பே அதில் பழகிக்கொள்ளுங்கள். பயோஇமேஜ் ஆர்க்கைவ், இமேஜ் டேட்டா றிசோர்ஸ் ஆகிய திறந்த களஞ்சியங்களில் பிறர் எடுத்த நுணுக்குக்காட்டித் தரவுகளை இலவசமாகத் தரவிறக்கலாம். அவற்றில் ஓர் அடுக்கைத் திறந்து, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்து, அளவுகோல் இட்டு, பின்னணியைக் கழிக்கப் பழகியவருக்கு, கருவியின் முன் அமரும்போது எந்தப் படம் பயன்படும் என்று உடனே தெரியும். பிரகாசத்தை ஒப்பிட வேண்டிய படங்களில் ஒளிர்வெல்லைகளை ஒன்றாகவே அமையுங்கள். வானவில் நிறங்களைத் தவிர்த்துச் சாம்பல் நிறத்தையோ, இரு ஒளியுணரிகளென்றால் பச்சையையும் ஊதாச் சிவப்பையுமோ பயன்படுத்துங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத வாசகர்களும் உங்கள் ஆய்வறிக்கையைப் படிப்பார்கள்.

அறிக்கையின் முறைகள் பகுதியில் லேசரின் வகை, அலைநீளம், மாதிரியில் விழுந்த வலு, பொருள்வில்லையின் எண் துவாரம், புள்ளியின் அளவு, புள்ளியில் தங்கிய நேரம், சராசரியாக்கிய சட்டங்களின் எண்ணிக்கை, வடிகட்டிகளின் எல்லைகள் என்பவற்றை எழுதுங்கள். லேசர் படாத ஒப்பீட்டு இலையின் படத்தையும் முடிவுகளோடு சேர்த்தே கொடுங்கள். பின்னிணைப்பில் ஒளித்து வைக்க வேண்டாம்.